கணித ஆராய்ச்சிப் படிப்புக்குப் பணம் எங்கிருந்து? டி.ஏ., ஆர்.ஏ., ஃபெலோஷிப், சொந்தச் செலவு, ஜே.ஆர்.எஃப். – ஓர் ஒப்பீடு

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் எம்.எஸ்ஸி. கணிதம் முடிக்கவிருக்கும் மாணவர்களிடமிருந்து ஏறக்குறைய ஒரே கேள்விதான் வருகிறது. ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 24,000 டாலர் தருவதாக எழுதியிருக்கிறது, இன்னொன்று 28,000 என்கிறது, மூன்றாவது ஒன்று முதுகலைக்கு இடம் தந்துவிட்டு, பணத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை, இதற்கிடையில் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இந்திய அரசின் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்துவிட்டது. எதை எடுப்பது?

கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே ஓர் அறிவுரையோடுதான் வருகிறார்கள். பொறியியல் படிக்க அமெரிக்கா சென்ற உறவுக்கார அண்ணன் ஒருவர், "முதலில் எம்.எஸ்.ஸில் சேர்ந்துவிடு, அங்கே போய்ப் பேராசிரியர்களுக்கு மெயில் போட்டு ஆர்.ஏ. (ஆய்வு உதவியாளர் பணி) வாங்கிக்கொள்ளலாம்" என்று சொல்லியிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. பொறியியலில் அது பலருக்குப் பலித்த வழி. கணிதத்தில் அது பெரும்பாலும் பலிப்பதில்லை. ஏன் பலிப்பதில்லை என்பது விளங்கிவிட்டால், கையிலிருக்கும் கடிதங்களை எப்படிப் படிக்க வேண்டும் என்பதும் பாதி விளங்கிவிடும்.

## கணிதத் துறையின் பணம் வரும் வழி

பொறியியல் ஆய்வகத்துக்கு வெளி நிறுவனங்களின் மானியம் வருகிறது. அதில் கருவி வாங்குகிறார்கள், அந்தக் கருவியில் வேலை செய்ய மாணவரை அமர்த்துகிறார்கள். கணிதப் பேராசிரியருக்குக் கருவியும் இல்லை, அதை இயக்க ஆளும் தேவையில்லை. அவருக்குக் கிடைக்கும் மானியம் சிறியது. அதில் பெரும்பகுதி அவருடைய கோடைகாலச் சம்பளத்துக்கும் பயணத்துக்கும் போய்விடும்.

ஆனால் கணிதத் துறையிடம் வேறொரு வருமானம் இருக்கிறது. பொறியியல், உயிரியல், பொருளியல், வணிகம் என்று எதைப் படிக்க வந்தவரானாலும், முதலாண்டில் பெரும்பாலோர் கால்குலஸ் வகுப்பு ஒன்றிலாவது உட்கார்ந்தே ஆக வேண்டும். பெரிய மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு பருவத்துக்கு ஆயிரக்கணக்கானோர் இந்த வகுப்புகளில் சேருகிறார்கள். பேராசிரியர் பெரிய அரங்கில் விரிவுரை நிகழ்த்துவார். அந்தக் கூட்டத்தை இருபத்தைந்து முப்பது பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, கணக்குப் போட்டுக் காட்டவும் விடைத்தாள் திருத்தவும் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் டி.ஏ. (கற்பித்தல் உதவியாளர்) எனப்படும் கணித முனைவர் மாணவர். அமெரிக்காவில் கணித ஆராய்ச்சி மாணவருக்குச் சோறு போடுவது முதலாண்டு மாணவரின் கால்குலஸ்தான் என்று சொன்னால் மிகையாகாது.

## எதை வைத்து எடை போடுவது

கடிதத்தில் தடித்த எழுத்தில் இருக்கும் தொகையை வைத்து முடிவு செய்வதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. நான் ஐந்து அளவுகோல்களை வைத்துப் பார்க்கச் சொல்வேன். முதலாவது, வரியும் பல்கலைக்கழகக் கட்டணங்களும் வாடகையும் போக, பன்னிரண்டு மாதங்களுக்கும் சேர்த்துக் கையில் நிற்பது எவ்வளவு என்பது. இரண்டாவது, அந்தப் பணத்துக்காக வாரத்தில் எத்தனை மணி நேரம் கொடுக்க வேண்டும், அந்த நேரம் தகுதித் தேர்வுகளுக்குப் படிக்கும் முதல் இரண்டு ஆண்டுகளில் எப்படிப் பரவியிருக்கும் என்பது. மூன்றாவது, எத்தனை ஆண்டுகளுக்கு எழுத்தில் உறுதி தந்திருக்கிறார்கள், அந்த உறுதிக்கு என்ன நிபந்தனை வைத்திருக்கிறார்கள் என்பது. நான்காவது, பணத்தை நிறுத்தும் அதிகாரம் துறையிடம் இருக்கிறதா, தனிப் பேராசிரியரிடம் இருக்கிறதா, அரசு நிறுவனத்திடம் இருக்கிறதா என்பது. ஐந்தாவது, படிப்பு முடிந்து வேலை தேடும்போது இந்தப் பணி உங்கள் தன்விவரத்தில் எதைச் சேர்க்கும் என்பது.

இவற்றில் மூன்றாவதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். கணித முனைவர் பட்டத்துக்கு அமெரிக்காவில் ஐந்து ஆண்டுகள் சாதாரணம், ஆறும் அரிதன்று. முதலாண்டுத் தொகை பெரிதாக இருந்து நான்காம் ஆண்டு என்னவென்று தெரியாமல் இருப்பதைவிட, சிறிய தொகை ஐந்து ஆண்டும் வருவது மேல்.

| வழி | பணம் | வார வேலை | உறுதி | யார் கையில் |
|---|---|---|---|---|
| டி.ஏ. | உதவித்தொகை, கல்விக் கட்டண விலக்கு | 20 மணிக்குள் | பெரும்பாலும் 5 ஆண்டு, நிபந்தனையோடு | துறை |
| ஆர்.ஏ. | பெரும்பாலும் டி.ஏ.வுக்குச் சமம் | ஆய்வே வேலை | ஒரு பருவம், ஒரு கோடை | வழிகாட்டியும் மானியமும் |
| ஃபெலோஷிப் | சமம் அல்லது கூடுதல் | இல்லை | 1 முதல் 2 ஆண்டு | பல்கலைக்கழகம் |
| சொந்தச் செலவில் எம்.எஸ். | நாம்தான் கட்ட வேண்டும் | இல்லை | பொருந்தாது | வங்கி, குடும்பம் |
| ஜே.ஆர்.எஃப். | மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வாடகைப் படி தனி | குறைவு | 5 ஆண்டு, இடையில் மதிப்பீடு | சி.எஸ்.ஐ.ஆர்., யு.ஜி.சி. |

## டி.ஏ.: கற்பித்தல் உதவியாளர் பணி

இது இரண்டு பகுதிகள் கொண்டது. கல்விக் கட்டணத்தைப் பல்கலைக்கழகம் தானே ஏற்றுக்கொள்வது ஒன்று. மாதச் சம்பளம்போல வரும் உதவித்தொகை மற்றொன்று. உதவித்தொகை மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆண்டுக்கு 20,000 டாலருக்கும் 30,000 டாலருக்கும் இடையிலும், வசதி படைத்த தனியார் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் 40,000 டாலரைத் தாண்டியும் இருக்கிறது. எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் இருப்பவர் பருவம் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பதால், முழு டி.ஏ. என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் இந்த 20 மணி நேரத்தைத்தான் குறிக்கும். அதையே "50 சதவீதப் பணி" என்று கடிதத்தில் எழுதியிருப்பார்கள். பாதிப் பணம்தான் தருகிறார்கள் என்று நினைத்துப் பதற வேண்டியதில்லை.

அந்த 20 மணி நேரம் எப்படிக் கழியும்? விரிவுரை திங்கள், புதன், வெள்ளி என்றால், டி.ஏ.யின் பயிற்சி வகுப்புகள் செவ்வாயும் வியாழனும் ஐம்பது ஐம்பது நிமிடங்களாக வரும்; இரண்டு மூன்று குழுக்கள் இருக்கும். மாணவர்கள் வந்து சந்தேகம் கேட்கும் ஆஃபீஸ் ஹவர்ஸ் வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம். மற்றபடி வீட்டுப்பாடம், சிறு தேர்வு, பெரிய தேர்வு ஆகியவற்றைத் திருத்துதல். சாதாரண வாரத்தில் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை, நடுத்தேர்வு வாரத்தில் இருபதைத் தாண்டிவிடும். இரவில் தேர்வு முடிந்ததும் விடைத்தாள் கட்டுகள் ஒரு நீண்ட மேசைக்கு வந்து சேரும், டி.ஏ.க்கள் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் மூன்றாம் கேள்வியை மட்டும், மற்றவர் ஐந்தாம் கேள்வியை மட்டும் என்று எல்லாத் தாள்களிலும் திருத்துவார்கள். தொகையிடல் மாறிலியை எழுத மறந்தவருக்கு ஒரு மதிப்பெண் குறைப்பதா இரண்டா என்று பத்து நிமிடம் விவாதம் நடக்கும். இப்போது பல துறைகளில் தாள்களை ஸ்கேன் செய்து கிரேட்ஸ்கோப் என்ற இணையத் திருத்தத் தளத்தில் ஏற்றிவிடுவதால் அவரவர் வீட்டிலிருந்தே திருத்துகிறார்கள். விவாதம் மட்டும் மாறவில்லை. சிக்கல் என்னவென்றால், அதே வாரத்தில்தான் உங்களுடைய சொந்த அல்ஜீப்ரா தேர்வும் வரும்.

தமிழ்நாட்டிலிருந்து செல்பவர்கள் எதிர்பாராத தடை ஆங்கிலப் பேச்சுத் தேர்வு. கற்பிப்பவருக்குப் பேச்சு ஆங்கிலம் போதிய அளவில் இருக்க வேண்டும் என்று பல மாநிலங்களில் சட்டமோ விதியோ உண்டு. டோஃபெல் ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியில் குறிப்பிட்ட மதிப்பெண் இல்லையென்றால், பல்கலைக்கழகமே வைக்கும் தேர்வில் கரும்பலகை முன் நின்று பாடம் நடத்திக் காட்ட வேண்டும்; தவறினால் திருத்தும் வேலை மட்டும் தருவார்கள், சில இடங்களில் மறுபடி தேறும்வரை பணியே கேள்விக்குறியாகிவிடும். இலக்கணம் இங்கே பெரிய இடர் அன்று, பழக்கச் சொற்கள்தான் இடர். நாம் "டூ இன்டூ த்ரீ" என்றால் பெருக்கல். அமெரிக்க மாணவருக்கு "இன்டூ" என்பது வகுத்தலை நினைவூட்டும் சொல், பெருக்கலுக்கு அவர் கேட்டுப் பழகியது "டூ டைம்ஸ் த்ரீ". நாம் "ஒய் டேஷ்" என்பது அவர்களுக்கு "ஒய் பிரைம்". வகுப்பறையில் கால் வைப்பதற்கு முன்பே இப்படி ஒரு பத்துச் சொல்லை மாற்றிக்கொள்வது, மூன்று மாதப் பேச்சுப் பயிற்சியைவிட உடனடியாக உதவும்.

மறைந்திருக்கும் செலவுகள் வேறு. கல்விக் கட்டண விலக்கு என்றால் எல்லாக் கட்டணமும் விலக்கு என்று பொருளன்று. மாணவர் சேவை, தொழில்நுட்பம், போக்குவரத்து, வெளிநாட்டு மாணவர் கட்டணம் என்று தனித்தனியே வசூலிப்பவை ஆண்டுக்குச் சில நூறு டாலரிலிருந்து இரண்டாயிரத்துக்கு மேல்கூடப் போகலாம். மருத்துவக் காப்பீட்டுத் தொகையை முழுவதும் ஏற்பவர்களும் உண்டு, ஒரு பங்கை மாணவர் தலையில் வைப்பவர்களும் உண்டு. பெரும்பாலான பணிகள் ஒன்பது மாதத்துக்கானவை. கோடை மூன்று மாதமும் கோடைகால வகுப்பு கிடைத்தால்தான் வருமானம். எஃப்-1 மாணவர் வளாகத்துக்கு வெளியே விரும்பியபடி வேலை தேடிக்கொள்ளவும் முடியாது. திருமணமானவராக இருந்தால், எஃப்-2 விசாவில் வரும் துணைவருக்கு வேலை செய்ய அனுமதி இல்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முதல் கடிதம்: ஒன்பது மாதத்துக்கு 24,000 டாலர், கட்டணங்களும் காப்பீடும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு, சிற்றூர், பகிர்ந்துகொண்ட வீட்டில் மாதம் 600 டாலர் வாடகை. இரண்டாம் கடிதம்: பன்னிரண்டு மாதத்துக்கு 28,000, கட்டணங்கள் 1,800, காப்பீட்டில் மாணவர் பங்கு 1,500, பெருநகரம், வாடகை 1,100. இந்திய மாணவர்களுக்கு இங்கே ஒரு சலுகை உண்டு: இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவின்படி, மற்ற நாட்டு மாணவர் பலருக்கு இல்லாத நிலையான கழிவை (வரி போடுமுன் வருமானத்திலிருந்து கழிக்கும் தொகையை) இந்திய மாணவர் கோரலாம், 2024ஆம் ஆண்டுக்கு அது 14,600 டாலர். அதைக் கழித்தால் முதல் கடிதத்துக்கு மத்திய வரி 940 டாலர், இரண்டாவதற்கு 1,376 டாலர். வரி, கட்டணம், காப்பீடு, வாடகை எல்லாம் போக முதல் கடிதத்தில் 15,860 டாலர் மிஞ்சும். இரண்டாவதில் 10,124 டாலர்தான். மாநில வரியை நான் சேர்க்கவில்லை. டெக்சஸ், ஃபுளோரிடா, வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வருமான வரியே கிடையாது என்பதால் இந்த இடைவெளி இன்னும் கூடலாம், குறையவும் செய்யலாம். சிறிய தொகை எழுதியிருக்கும் கடிதம் ஆண்டுக்கு ஐயாயிரத்துக்கு மேல் அதிகம் தருகிறது, கோடையையும் படிப்புக்கு விட்டுவைக்கிறது.

உறுதியின் நிபந்தனைகளையும் படிக்க வேண்டும். "ஐந்து ஆண்டு ஆதரவு" என்ற சொற்றொடருக்குப் பின்னால் "திருப்திகரமான முன்னேற்றம் இருந்தால்" என்று வரும். அதன் நடைமுறைப் பொருள், அல்ஜீப்ரா, அனாலிசிஸ், டோப்பாலஜி போன்ற தகுதித் தேர்வுகளில் இத்தனையை இந்த ஆண்டு முடிவுக்குள் தேற வேண்டும் என்பது. ஒவ்வொரு தேர்வையும் எத்தனை முறை எழுதலாம், தேறாதவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதைத் துறையில் இருக்கும் மாணவரிடம்தான் கேட்க முடியும்.

பணியின் தன்மை தொழிற்சங்கம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தும் மாறுகிறது. விஸ்கான்சின் மேடிசனில் 1966லேயே டி.ஏ.க்கள் சங்கம் அமைத்துவிட்டார்கள். தனியார் பல்கலைக்கழகங்களின் மாணவ உதவியாளர்களும் ஊழியர்களே என்று தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் கொலம்பியா பல்கலைக்கழக வழக்கில் தீர்ப்பளித்தது 2016இல். 2022 நவம்பரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்களில் 48,000 கல்விப் பணியாளர்கள் ஏறக்குறைய ஆறு வாரம் வேலைநிறுத்தம் செய்து ஊதிய உயர்வு பெற்றார்கள். சங்கம் இருக்கும் இடத்தில் வேலை நேரம், காப்பீடு, கட்டணத் தள்ளுபடி எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கும். அந்த ஒப்பந்தம் பொதுவெளியில் கிடைக்கும், கடிதத்தைவிட அது தெளிவாகப் பேசும்.

டி.ஏ. யாருக்குப் பொருந்தும் என்றால், தூய கணிதம் படிக்க விரும்பும் ஏறக்குறைய எல்லோருக்கும். கல்லூரி ஆசிரியராக விரும்புபவருக்கு இது தண்டனையன்று, முதலீடு. தானே பொறுப்பேற்று ஒரு பாடத்தை நடத்தியிருக்கிறார் என்பது வேலைக்கான விண்ணப்பத்தில் கனமான வரி. அந்தப் பொறுப்பை முதலாண்டிலேயே எதிர்பார்க்க வேண்டாம். பட்டதாரி நிலையில் 18 கிரெடிட் முடித்தவரைத்தான் தனிப்பொறுப்பில் விடுவது என்ற வழக்கம் பல இடங்களில் உண்டு.

## ஆர்.ஏ.: ஆய்வு உதவியாளர் பணி

கேட்பதற்கு இனிமையானது இதுதான். உங்கள் ஆய்வைச் செய்வதற்கே பணம். ஆனால் முதலிரண்டு ஆண்டுகளில் கணித மாணவருக்கு வழிகாட்டி என்று ஒருவர் இருப்பதே அரிது. தகுதித் தேர்வுகள் முடிந்த பிறகுதான் வழிகாட்டியைத் தேர்ந்துகொள்கிறார்கள். எனவே சேர்க்கைக்கு முன்பு தூய கணிதப் பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பி ஆர்.ஏ. கேட்பது, பலாமரம் வைத்த அன்றே பழம் கேட்பதுபோல. வரும் பதில் பெரும்பாலும், "சேர்க்கைக் குழு முடிவு செய்யும்" என்ற ஒற்றை வரிதான்.

கிடைக்கும்போதும் அது ஒரு பருவத்துக்கோ ஒரு கோடைக்கோதான் கிடைக்கும். என்.எஸ்.எஃப். எனப்படும் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் தனிநபர் மானியத்திலிருந்து வெளிநாட்டு மாணவருக்கும் பணம் தரலாம். ஆனால் ஆய்வுப் பயிற்சிக் குழுக்களுக்கென்று அது தரும் ஆர்.டி.ஜி. மானியத்தின் மாணவர் உதவி அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் மட்டுமே. துறையின் இணையப் பக்கத்தில் ஆர்.டி.ஜி. என்று பெருமையாக எழுதியிருப்பதைப் பார்த்து இந்திய மாணவர் மனக்கணக்குப் போட வேண்டாம்.

மானியத்தை நம்பிய பணம் எவ்வளவு நிலையற்றது என்பதை 2025 காட்டிவிட்டது. அந்த ஆண்டு ஜூலை இறுதியில் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் என்.எஸ்.எஃப். மானியங்கள் அரசால் நிறுத்திவைக்கப்பட்டன. நீதிமன்ற உத்தரவு வந்த பிறகே ஆகஸ்டில் மீண்டன. ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற டெரன்ஸ் டாவின் மானியமும் அவற்றில் ஒன்று. அவருக்கே அந்த நிலை என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பயன்பாட்டுக் கணிதம், எண்சார் கணிப்பு, புள்ளியியல், கணித உயிரியல் என்று கணினியோடும் தரவோடும் நெருங்கிய பிரிவுகளுக்கு இந்த நிலை சற்றே மாறும், அங்கே ஆர்.ஏ. உண்மையிலேயே நீண்டகால வழியாக இருக்கக்கூடும். தூய கணிதத்தில் அதன் சரியான இடம் நான்காம், ஐந்தாம் ஆண்டு: ஆய்வேட்டை எழுதி முடிக்க ஒரு பருவம் வகுப்பில்லாமல் கிடைப்பது பெரிய கொடை. டி.ஏ.யை அடித்தளமாக வைத்து, ஆர்.ஏ. வந்தால் மகிழ்ச்சி என்று வைத்துக்கொள்வதே பொருத்தம்.

## ஃபெலோஷிப்

கற்பிக்கவும் வேண்டாம், யாருடைய திட்டத்துக்கும் உழைக்கவும் வேண்டாம். படித்தால் போதும் என்று தரும் பணம். இந்த ஏற்பாடு நமக்குப் புதிதன்று. சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக இருந்த ராமானுஜனுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1913இல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை தந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. அவரும் எழுதித் தந்தார்.

இன்று அமெரிக்காவில் பெயர்பெற்ற வெளி ஃபெலோஷிப்புகளில் என்.எஸ்.எஃப்.பின் ஜி.ஆர்.எஃப்.பி. இந்தியக் குடிமக்களுக்குத் திறந்திருக்கவில்லை. நமக்கு எட்டுவது பல்கலைக்கழகமே தரும் முதலாண்டு ஃபெலோஷிப்பும், சில இடங்களில் இறுதியாண்டு ஃபெலோஷிப்பும். முதலாண்டு ஃபெலோஷிப்பின் அருமை தகுதித் தேர்வின்போதுதான் தெரியும். தமிழ்நாட்டில் எம்.எஸ்ஸி. படித்தவருக்கு அனாலிசிஸ் பாடத்திட்டம் கைவசம் இருந்தாலும், நிரூபணத்தைத் தானே கட்டியெழுப்பும் பழக்கம் குறைவாக இருக்கக்கூடும்; அந்தப் பழக்கத்துக்கு அந்த ஓராண்டு ஈடற்றது.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. டி.ஏ. சம்பளத்தில் பிடிக்கப்படும் வரி சம்பள வரி விகிதப்படி இருக்கும். ஃபெலோஷிப் தொகையிலோ எஃப்-1 மாணவருக்கு 14 சதவீதம் நேராகப் பிடிக்கப்படலாம். கூடுதலாகப் பிடித்ததை மறு ஆண்டு 1040-என்.ஆர். என்ற வரிப் படிவத்தில் திரும்பக் கேட்கலாம் என்றாலும், அதுவரை மாதாமாதம் கைக்கு வருவது குறைந்தே வரும். இரண்டாவது, சில பல்கலைக்கழகங்களில் ஃபெலோஷிப் பெறுபவர் ஊழியராகக் கருதப்படுவதில்லை. ஊழியருக்கான காப்பீட்டுச் சலுகை அவருக்குப் பொருந்துமா என்று தனியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஓராண்டு ஃபெலோஷிப் என்ற கடிதம், மீதி நான்கு ஆண்டு டி.ஏ. உறுதியோடு வந்தால் மிக நல்ல கடிதம். அந்த உறுதி இல்லாமல் வந்தால், தொகை எவ்வளவு பெரிதானாலும் நான் தயங்குவேன்.

## சொந்தச் செலவில் எம்.எஸ்.

தூய கணிதத்துக்காக வீட்டை அடகு வைத்து அமெரிக்க முதுகலை படிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முனைவர் படிப்பில் நேரடியாகச் சேர்ந்தால் கட்டணமும் இல்லை, கையில் பணமும் வரும்; இடையில் விலக நேர்ந்தாலும் பல துறைகள் முதுகலைப் பட்டத்தோடு அனுப்புகின்றன. அதே முதுகலைக்குத் தனியே கடன் வாங்குவதில் பொருளில்லை. ஜே.என். டாட்டா அறநிலை 1892 முதல் தந்துவரும் உதவியும் திருப்பிக் கட்ட வேண்டிய கடனுதவிதான் என்பதை மாணவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இந்த வழி பொருந்தும் இடமும் உண்டு. நோக்கம் ஆராய்ச்சியன்று, நிதித்துறையிலோ தரவுத்துறையிலோ வேலை என்றால், கணிதம் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருப்பதால் படிப்புக்குப் பின் 12 மாத ஓ.பி.டி. என்ற பணி அனுமதியும் அதற்கு மேல் 24 மாத நீட்டிப்பும் கோரலாம். கடனை அடைக்க அந்தக் காலம் உதவும். ஆனால் அந்த மூன்றாண்டுக்குள் வேலை கிடைக்கும் என்பதும், விதிகள் மாறாமல் இருக்கும் என்பதும் கடன் பத்திரத்தில் எழுதப்படுவதில்லை.

பலர் கவனிக்காத நடுவழி ஒன்று இருக்கிறது. முனைவர் படிப்பே இல்லாமல் முதுகலையோடு நிற்கும் மாநிலப் பல்கலைக்கழகக் கணிதத் துறைகளுக்கும் கால்குலஸ் வகுப்புக்கு ஆள் தேவை; முனைவர் மாணவர் இல்லாததால் அங்கே முதுகலை மாணவருக்கே டி.ஏ. கிடைக்கிறது. தொகை சிறியது, ஊரும் சிறியது. மூன்றாண்டு பி.எஸ்ஸி. மட்டும் முடித்தவருக்கும், மதிப்பெண் சற்றுக் குறைந்ததால் நேரடியாக முனைவர் படிப்பில் இடம் கிடைக்காதவருக்கும் இது கடன்படாமல் ஏறக்கூடிய படி. மூன்றாண்டுப் பட்டத்தை ஏற்கிறார்களா என்பதை மட்டும் விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே எழுதிக் கேட்டுவிட வேண்டும்.

## ஊரிலேயே: ஜே.ஆர்.எஃப்.

கணித அறிவியலில் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேறி ஜே.ஆர்.எஃப். பெற்றவருக்கு 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், மதிப்பீட்டுக்குப் பின் எஸ்.ஆர்.எஃப். என்ற மூத்த நிலைக்கு உயர்ந்ததும் 42,000 ரூபாய். வீட்டு வாடகைப் படி தனி. அணுசக்தித் துறையின் கீழ் உள்ள தேசிய உயர்கணித வாரியத்தின் (என்.பி.எச்.எம்.) உதவித்தொகையும் இதே வகையைச் சேர்ந்தது. டாலரோடு ஒப்பிட்டால் தொகை சிறிதாகத் தெரியும். வாடகையோடும் சாப்பாட்டுச் செலவோடும் ஒப்பிட்டால், விடுதியில் தங்கும் மாணவர் வீட்டுக்குப் பணம் அனுப்பவும் முடியும்.

வேலை நேரம் என்ற அளவுகோலில் இந்த வழிதான் முதலிடம். தரமணி கணித அறிவியல் நிறுவனம், சிறுசேரி சென்னைக் கணிதவியல் நிறுவனம், மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் ஆயிரக்கணக்கான முதலாண்டு மாணவருக்குக் கால்குலஸ் சொல்லிக்கொடுக்கும் சுமை இல்லை. இங்கே பெற்ற பட்டம் உலக அரங்கில் எடுபடாது என்பது தவறான அச்சம். சென்னையில் பிறந்த எஸ்.ஆர். சீனிவாச வரதன் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் முனைவர் பட்டம் முடித்துவிட்டுத்தான் நியூயார்க்கின் கூரன்ட் நிறுவனத்துக்குச் சென்றார். 2007இல் கணிதத்தின் உயரிய விருதுகளில் ஒன்றான ஏபெல் பரிசு பெற்றார்.

மறைந்திருக்கும் செலவு பணம் தாமதமாக வருவது. சில பல்கலைக்கழகங்களில் உதவித்தொகை மாதக்கணக்கில் நின்று, மொத்தமாக வரும். அதுவரை வீட்டில் கேட்க வேண்டியிருக்கும். அதைவிடப் பெரிய செலவு, உங்கள் பிரிவில் இயங்கும் வழிகாட்டி இல்லாத துறையில், பணம் இருக்கிறதே என்பதற்காகச் சேர்ந்துவிடுவது. ஜே.ஆர்.எஃப். உங்களோடு வரும் பணம். அதை எங்கே கொண்டுபோவது என்பதில்தான் கவனம் வேண்டும். எண் கோட்பாடு, இயற்கணித வடிவியல், சேர்வியல் போன்ற பிரிவுகளில் மேலே சொன்ன நிறுவனங்களில் இடம் கிடைத்திருந்தால், அமெரிக்காவில் சுமாரான ஒரு துறையின் டி.ஏ.யைவிட இதையே எடுக்கச் சொல்வேன். நல்ல வழிகாட்டி இல்லாத இடத்தில்தான் ஜே.ஆர்.எஃப்.பைப் பயன்படுத்த முடியும் என்றால், டி.ஏ. கடிதம் முந்திக்கொள்கிறது.

## கடிதத்துக்குப் பதில் எழுதுமுன்

அமெரிக்கப் பட்டதாரிக் கல்வி நிலையங்களின் மன்றம் வகுத்த ஏப்ரல் 15 தீர்மானத்தில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், நிதியுதவிக் கடிதத்துக்கு அந்தத் தேதிக்கு முன் பதில் சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. எனவே மார்ச் முதல் வாரத்திலேயே அவசரப்பட்டுச் சரி சொல்ல வேண்டியதில்லை. அந்த இடைவெளியில் துறையின் பட்டதாரிப் படிப்பு இயக்குநருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதலாம்: உதவித்தொகை எத்தனை மாதத்துக்கு? விலக்கில் அடங்காத கட்டணங்கள் ஆண்டுக்கு எவ்வளவு? கோடையில் பணி கேட்டவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது? ஆறாம் ஆண்டுக்கு ஆதரவு உண்டா? பேச்சுத் தேர்வில் முதல்முறை தேறாதவருக்கு என்ன ஏற்பாடு? இவற்றைக் கேட்பதால் யாரும் கடிதத்தைத் திரும்பப் பெறுவதில்லை. இதே கேள்விகள் அவர்களுக்கு ஆண்டுதோறும் வருபவைதான். அதே கேள்விகளை அங்கே மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவரிடமும் கேளுங்கள். இரண்டு பதில்களும் மாறுபடும் இடத்தில் மாணவரின் பதிலை நம்புங்கள்.

டி.ஏ. கடிதம் இருந்தால் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் அந்தத் தொகையே நிதி ஆதாரமாகக் காட்டப்படும். வங்கி இருப்பைக் காட்டும் தேவை பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் கையில் பணமே தேவையில்லை என்று இதற்குப் பொருளன்று. வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலரும் விமானக் கட்டணமும் முன்னதாகவே போய்விடும். ஆகஸ்ட் நடுவில் போய் இறங்கினால், சமூகப் பாதுகாப்பு எண் வாங்கி, சம்பளப் பட்டியலில் பெயர் ஏறி, முதல் காசோலை வருவதற்குள் செப்டம்பர் இறுதி ஆகிவிடும், சில இடங்களில் அக்டோபரும் பிறந்துவிடும். வீட்டுக்காரர் ஒரு மாத வாடகையையும் அதே அளவு முன்பணத்தையும் சாவி கொடுக்குமுன்பே கேட்பார். எனவே ஐந்து ஆண்டு முழு ஆதரவோடு செல்பவரும் முதல் இரண்டு மாதத்துக்கென்று இரண்டாயிரம், மூவாயிரம் டாலரைக் கையோடு கொண்டுசெல்ல ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.